சாயம் எங்கே இறங்குகிறது?

1

தமிழில் சாயத்தை 'ஏற்றுகிறோம்'. பிறகு அது 'இறங்குகிறது'. அல்லது 'போகிறது'. ஒருவரின் வேஷம் கலைந்தால் 'சாயம் வெளுத்துப் போச்சு' என்கிறோம். நிலைத்து நிற்பதை ஜவுளிக்கடையில் 'கெட்டிச் சாயம்' என்பார்கள். ஆங்கிலத்தில் இதே நிகழ்வுக்கு ரத்தம் சிந்துதல் என்று பெயர். அங்கே துணி ஓர் உடம்பு, அதற்குக் காயம் படுகிறது. தமிழில் துணிக்கு ஒன்றும் ஆவதில்லை. சாயம்தான் துணியை விட்டுப் புறப்பட்டு எங்கோ போகிறது. போகிறதென்றால் எங்கே? இறங்குகிறதென்றால் எதில்? நம் வினைச்சொற்களுக்குள்ளேயே இருக்கிற இந்தக் கேள்வியை நாம் கேட்டதில்லை.

நான் கேட்கக் காரணம் ஒரு விரிப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா பழந்துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டு, உள்ளே பழஞ்சேலை மடித்து வைத்து ஒரு விரிப்புத் தைத்தாள். நடுவில் இறந்துபோன அப்பாவின் வெள்ளை வேட்டி. சுற்றிலும் அம்மாவின் சேலைகள். ஓரத்துக்கு மட்டும் புதிதாக வாங்கின சிவப்புப் பருத்தித் துணி. முதல் தடவை வாளியில் சோப்புத் தூளோடு ராத்திரி முழுக்க ஊறியது. காலையில் எடுத்தால் வேட்டித் துண்டுகள் எல்லாம் ரோஸ் நிறம். பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "கல்லுப்புப் போட்டு ஊற வெச்சிருந்தா சாயம் நின்னிருக்குமே" என்றார். அம்மா விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதெங்க கண்ணு போகும்? எதுலயாச்சும் போய் ஒட்டத்தான வேணும்" என்றாள்.

அம்மா தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொன்ன வாக்கியம் அது. துணியின் வரலாற்றை இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதே இக்கட்டுரை. வரலாறு என்றால் அரசர்களும் போர்களும் என்று பழகிய நமக்கு, வாளித் தண்ணீரின் நிறத்தில் என்ன வரலாறு இருக்கும் என்று தோன்றலாம். இருக்கிறது. அதில் கம்பெனிகள் உண்டு, பாதிரியார்கள் உண்டு, சாதி உண்டு, ஒரு ஆறும் உண்டு.

2

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்தார். யோபு நூலில், ஞானத்துக்கு எதுவும் ஈடாகாது என்று சொல்லுமிடத்தில், எபிரேய மூலத்தில் ஓப்பீர் நாட்டுத் தங்கம் வருகிறது. ஜெரோம் அங்கே தங்கத்தை எடுத்துவிட்டு இந்தியாவின் சாய நிறங்களை வைத்தார். மத்தியதரைக் கடல் நாடுகளில் இந்தியச் சாயம் மதிப்புக்கு ஒரு அளவாகவே இருந்திருக்கிறது என்று நாம் ஊகிக்கலாம்.

பருத்தியில் சாயம் ஏற்றுவது எளிதல்ல. பட்டும் கம்பளியும் சாயத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பருத்தி அப்படியல்ல. சாயத்துக்கும் நூலுக்கும் இடையில் ஒரு தரகர் வேண்டும். இதைத்தான் பள்ளிப் பாடப்புத்தகம் 'நிறமூன்றி' என்கிறது. படிகாரம் அப்படியொரு நிறமூன்றி. சோழமண்டலக் கரையில் இந்த நுட்பம் உச்சத்தில் இருந்தது. முதலில் துணியைச் சாணிக் கரைசலில் ஊறப்போட்டு, அலசி, வெயிலில் உலர்த்தி வெளுப்பார்கள். பிறகு கடுக்காய்க் கரைசலும் எருமைப்பாலும். எழுதுகிற படிகார நீர் பரவிக் கசியாமல் இருக்கப் பாலின் கொழுப்பு உதவும். கறுப்புக் கோட்டுக்கு இரும்புத் துண்டுகளைக் காடியில் ஊறவைத்த நீர். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைக் கலத்தால் எழுதுவார்கள். எழுதும்போது சிவப்பு தெரியாது. அப்படியே ஓடும் தண்ணீரில் அலசி, பிறகு சாயவேரோடு கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். சாயவேரில் உள்ள நிறப்பொருளான அலிசரின், படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடும் சுண்ணாம்புச் சத்தோடும் சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒன்றாகி நூலுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. மற்ற இடத்தில் ஒட்டியிருக்கும் நிறத்தை மறுபடி சாணி, வெயில், அலசல் என்று போக்க வேண்டும். நீலம் வேண்டுமானால் மற்ற இடங்களை மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

இந்த வேலை முழுவதையும் கூட்டிப் பார்த்தால் சாயம் ஏற்றும் நேரத்தைவிட அலசும் நேரமே அதிகம். கெட்டிச் சாயம் என்பது, போக வேண்டியதெல்லாம் போன பிறகு துணியில் மிஞ்சுவது. வாங்குகிறவர் வீட்டில் இறங்க வேண்டிய சாயத்தை விற்பதற்கு முன்பே இறக்கிவிடுகிறார்கள். ஆக, 'சாயம் போகாத துணி' என்ற ஒன்று கிடையாது. முன்பே போய்விட்ட துணிதான் உண்டு. எங்கே போனது, அந்த அலசலை யார் செய்தார்கள் என்பதே மிச்சக் கேள்வி.

அலசினவர்களில் பெரும் பகுதி வண்ணார்கள். வண்ணம், வண்ணார் என்று இரண்டு சொல்லும் காதில் ஒட்டிக்கொண்டு ஒலிப்பதை நாம் கவனித்ததுண்டு. சங்கப் பாடல்களிலேயே துணிக்குக் கஞ்சி தோய்த்து வெளுக்கும் புலைத்தி வருகிறாள். எம்.ஏ. வகுப்பில் அந்தப் பாடல்களைப் படித்தபோது உவமையின் நயத்தைக் குறித்துக்கொண்டோம். அவள் கை எதில் ஊறியது என்று நாங்களும் கேட்கவில்லை, வகுப்பும் கேட்கவில்லை. ஆங்கிலக் கம்பெனியின் ஏற்றுமதித் துணியை வெளுத்தவர்களின் குடியிருப்புத்தான் சென்னையின் வண்ணாரப்பேட்டை. கம்பெனிக் கணக்கில் துணிக்கு ரகமுண்டு, விலையுண்டு. வெளுத்த கை கணக்கில் ஒரு செலவு மட்டுமே.

வேர் தோண்டினவர்கள் கதையும் இதுதான். சாயவேர், இம்பூறல் என்று சொல்லப்படும் அந்தச் செடி கடலோர மணலில் வளர்வது. வேர் மெல்லியது, ஆழமாகப் போவது. இலங்கையின் வடக்கில், யாழ்ப்பாணம் மன்னார்ப் பகுதிகளில், டச்சுக் கம்பெனி சாயவேரைத் தன் பிடியில் வைத்திருந்தது. தோண்டுவது குறிப்பிட்ட சாதியாரின் ஊழியக் கடமை. இன்று நகரத்துக் கடைகளில் 'இயற்கைச் சாயம்' என்ற சீட்டோடு தொங்கும் துணிகளைப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இயற்கையான வேர் உண்டு. இயற்கையாகத் தோண்டிய கை என்று எதுவும் கிடையாது.

3

இந்தத் துணி ஐரோப்பாவுக்குப் போனபோது, துவைத்தாலும் மங்காத நிறம் அங்கே அதிசயமாக இருந்தது. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து அது படுக்கை விரிப்பாகவும், பஞ்சு வைத்துத் தைத்த மெத்தைப் போர்வையாகவும் வீடுகளுக்குள் நுழைந்தது. விலை கூடின துணி என்பதால் கிழிந்தாலும் எறியவில்லை. பூவையும் பறவையையும் கத்தரித்து எடுத்து வேறு துணிமேல் வைத்துத் தைத்தார்கள். பின்னாளில் அமெரிக்கா வரை பரவிய ஒட்டுத்துணிப் போர்வைக் கலையில் இந்த முறைக்கு ஒரு தனி இடமுண்டு. வெவ்வேறு துணிகளை ஒன்றாகத் தைப்பதற்கு அடிப்படை நிபந்தனை ஒன்றுதான். ஒன்றின் சாயம் மற்றதில் ஏறக்கூடாது. சோழமண்டலத் துணி அந்த நம்பிக்கையைத் தந்தது.

உள்ளூர் நெசவு முதலாளிகளுக்கு அது பொறுக்கவில்லை. பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை இந்தியப் பூத்துணிகளைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டம் போட்டது. 1719-இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் போகிற பெண்கள் மேலிருந்த பூத்துணியைக் கிழித்தார்கள், மையும் அமிலமும் ஊற்றினார்கள். தண்ணீரில் போகாத நிறத்தை அமிலத்தால் போக்கப் பார்த்தது சந்தை. வயிற்றுப்பாட்டுக்குப் போராடின நெசவாளிதான் அமிலம் ஊற்றினவன் என்பதையும், அது விழுந்தது பெண்ணுடம்பின் மேல் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

தடை ஒரு பக்கம், திருட்டு இன்னொரு பக்கம். 1730-களில் புதுச்சேரியில் போல்யூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஒரு சாயக்காரரை வேலை செய்யவைத்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்து அனுப்பினார். 1742-இல் கேர்தூ என்ற சேசு சபைப் பாதிரியார் இதே நுட்பத்தை விரிவாக எழுதி பிரான்சுக்கு அனுப்பினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உள்ள உறவை வில்லியம் ஜோன்சுக்கு முன்பே எழுதிய அதே கேர்தூதான். சாய ரகசியத்தை அவர் யாரிடமிருந்து பெற்றார்? மதம் மாறி ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களிடமிருந்து. அதை அவரே எழுதுகிறார். ஆன்மாவை ஒப்படைத்தவரிடமிருந்து தொழிலையும் வாங்கிக்கொண்டார்கள். கடிதத்தில் கடுக்காய், பால், படிகாரம் எல்லாம் இருக்கின்றன. சொன்னவர்களின் பெயர் இல்லை. 'நூலாசிரியன்' என்ற கருத்தைக் கேள்வி கேட்கப் பிரெஞ்சு தத்துவவாதிகளைத் தேடிப்போகிற நாம், ஆசிரியர் பெயரே இல்லாமல் ஒரு தொழில்நுட்பம் கப்பலேறின கதையை வாசித்திருக்கலாம்.

பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்லலாம். கிரேக்கச் சாயக்காரர்கள் வழியாக 'துருக்கிச் சிவப்பு' என்ற கெட்டியான சிவப்பு பிரான்சுக்கும் பிறகு பிரிட்டனுக்கும் போனது. அதுவும் அலிசரின், படிகாரம், எண்ணெய் என்று நீளும் பல வாரச் செய்முறைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண்கள் ஒட்டுத்துணிப் போர்வைக்கு இந்தச் சிவப்பையே தேடி வாங்கினார்கள். காரணம், பக்கத்து வெள்ளையில் இறங்காது. 1868-இல் கிரேபவும் லீபர்மனும் அலிசரினை ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். மறுவருஷம் காப்புரிமை. அதன் பிறகு உலகம் முழுக்க வேர் தோண்டும் தொழில் படுத்தது. 1896-இல் எட்வின் ஹோல்டர் சென்னை மாகாணத்துச் சாயத் தொழிலைப் பற்றி அறிக்கை எழுதியபோது இங்கும் வேர்ச்சாயம் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்பே, 1884-இல், இன்னொன்று வந்துவிட்டது. நிறமூன்றியே தேவையில்லாமல் பருத்தியில் நேராக ஏறும் முதல் செயற்கைச் சாயம். பெயர் காங்கோ சிவப்பு. காங்கோவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆப்பிரிக்காவைப் பங்குபோட ஐரோப்பிய அரசுகள் பெர்லினில் கூடின நேரம். பத்திரிகையெல்லாம் காங்கோ பேச்சு. பெர்லின் நிறுவனம் ஒன்று அந்தப் பெயரைத் தன் சாயத்துக்கு வைத்தது. மலிவு, சுலபம், ஒரு கொதியில் வேலை முடிந்தது. ஆனால் நிற்காது. துவைத்தால் இறங்கும், வெயிலில் மங்கும். இன்று பழைய போர்வைகளைப் பாதுகாப்பவர்கள் துருக்கிச் சிவப்பையும் காங்கோ சிவப்பையும் பார்த்தே பிரித்துவிடுகிறார்கள். ஒன்று சிவப்பாகவே இருக்கிறது. மற்றது வெளிறிப்போய்ப் பக்கத்துத் துணியில் கறையாக இருக்கிறது. செய்முறையிலிருந்து அலசும் வாரங்களை மிச்சம் பிடித்ததன் செலவு, வீட்டில் துவைக்கிற பெண்ணின் தலையில் இறங்கியது.

4

இனி 1958-க்கு வருவோம். லீலா ஹோட்டல்களைப் பின்னாளில் நிறுவிய கிருஷ்ணன் நாயர் சொல்லிவந்த கதை இது. வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி பம்பாய் வந்து அவரிடம் கட்டம் போட்ட மெட்ராஸ் கைத்தறித் துணி வாங்கினார். கஜம் ஒரு டாலர். குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக, தனியாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் கூடவே சொல்லப்பட்டது. பத்தாயிரம் கஜம் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போனது. எச்சரிக்கை போகவில்லை. சட்டை வாங்கினவர்கள் எந்திரத்தில் துவைத்தார்கள். கட்டம் கலைந்தது, மற்றத் துணியெல்லாம் நிறம் மாறியது. புகார், வக்கீல், வழக்கு மிரட்டல். பிறகு ஒரு தந்திரம். 'செவன்டீன்' என்ற இளம்பெண்கள் பத்திரிகையில், ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறும் அதிசயத் துணி என்று கட்டுரை. 'சாயம் போகும் என்பதற்கு நாங்கள் உத்தரவாதம்' என்ற தொனியில் விளம்பரம். விளம்பர உலகின் டேவிட் ஓகில்வி பெயரும் இந்தக் கதையில் அடிபடும். துணி பறந்தது. ரத்தம் சிந்தும் மெட்ராஸ் என்பதே சரக்கின் பெயராயிற்று.

வியாபார சாமர்த்தியத்துக்கு உதாரணமாக இந்தக் கதையைச் சொல்வார்கள். நாம் வேறு மாதிரி வாசிக்க வேண்டும். எந்தக் கரையின் நிறம் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நிலைத்து நிற்பதற்குப் பேர்போனதோ, அதே கரையின் பெயர் இப்போது நிற்காத நிறத்துக்குப் பெயர். இரண்டு பெயரும் கரையில் இருப்பவர்கள் வைத்ததல்ல. நிறம் நின்றபோது தடை போட்டார்கள், நுட்பத்தை எழுதி எடுத்துப்போனார்கள். நிறம் போனபோது அதை 'கிழக்கின் இயல்பு' என்று விற்றார்கள். தாவரச் சாயம், கைநெசவு, ஆகவே ஒழுங்கற்றது, ஆகவே அழகானது. இப்படியொரு சொல்லாடல் உருவானால் குறையும் பண்டமாகிவிடும். ஆனால் ஒரு சாயம் போவதற்கு அது தாவரம் என்பது காரணமல்ல. சாயவேரும் தாவரம்தான், அது நின்றது. ஊன்றினார்களா, போதுமான அளவு அலசினார்களா என்பதே விஷயம். அலசுவதற்கு நேரமும் கூலியும் கொடுக்கப்பட்டதா என்று அந்த விளம்பரத்தைப் பார்த்த யாரும் கேட்டிருக்கப்போவதில்லை.

1996-இல் ஊரின் பெயர் சென்னை ஆனது. துணியின் பெயர் மட்டும் இன்னும் மெட்ராஸ்தான்.

5

வேடிக்கை, மெட்ராஸ் துணி சாயம் போய்ப் புகழ்பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பே சாயம் போகாத பருத்திக்கு வழி வந்துவிட்டது. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ராட்டியும் ஸ்டீபனும் 1954-இல் கண்டுபிடித்ததை 1956-இல் 'புரோசியான்' என்ற பெயரில் சந்தைக்கு விட்டார்கள். ரியாக்டிவ் சாயம் என்று இன்று சாயப்பட்டறைகளில் சொல்வது இந்த வகையைத்தான். இதில் தரகர் கிடையாது. சாய மூலக்கூறு பருத்தியோடு நேரடியாக வேதிப் பிணைப்புக் கொள்கிறது. பிணைந்தது பிரியாது.

ஆனால் எல்லாச் சாயமும் பிணைவதில்லை. தொட்டியில் போடுவதில் ஏறக்குறைய அறுபதிலிருந்து எண்பது சதவீதம் பிணையும். மீதி தண்ணீரோடு வினைபுரிந்து செத்துப்போன சாயமாகித் துணிமேல் சும்மா ஒட்டியிருக்கும். அதைக் கொதிநீரிலும் சோப்பிலும் பலமுறை அலசி எடுக்க வேண்டும். அலசலைக் குறைத்தால் வீட்டில் இறங்கும். அம்மாவின் சிவப்புத் துணியில் நடந்தது இதுவாக இருக்கலாம், அல்லது அது மலிவான நேரடிச் சாயமாக இருக்கலாம்.

இன்னொன்று உப்பு. தண்ணீரில் கரைந்த சாயத்தைத் துணிப்பக்கம் தள்ள உப்பு வேண்டும். லிட்டருக்கு ஐம்பது கிராம், எண்பது கிராம் என்று போகும். ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்புகூட ஆகும். இந்த உப்பு துணியில் தங்காது. வேலை முடிந்ததும் முழுக்கத் தண்ணீரோடு வெளியே போகும். சாதாரணமாகக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் முறைகள் நிறத்தைக்கூடக் குறைக்கும், உப்பைத் தொடாது.

துணியின் சாயம் கெட்டியா என்று பார்க்க உலகம் முழுக்க ஒரு பரிசோதனை உண்டு. சாயத் துணியோடு வெள்ளைத் துணித் துண்டுகளைத் தைத்து, சோப்பு நீரில் துவைத்து, வெள்ளையில் எவ்வளவு கறை ஏறியது என்று சாம்பல் நிற அளவுகோலோடு ஒப்பிடுவார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். ஐந்து என்றால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனி ஆர்டரில் இந்த மதிப்பெண்ணை எழுதியிருப்பான். வராவிட்டால் சரக்குத் திரும்பும்.

அந்தப் பரிசோதனையில் பக்கத்தில் வைத்துத் தைப்பது பருத்தி, கம்பளி, நைலான், பாலியஸ்டர் போன்றவற்றை. ஆற்றை அப்படி வைத்துத் தைப்பதில்லை. 'பக்கத்தில் இருப்பது எது' என்று யார் தீர்மானிக்கிறார்களோ அவர்களே சாயம் கெட்டியா இல்லையா என்றும் தீர்மானிக்கிறார்கள். அழுக்கு என்பது இடம் மாறிப்போன பொருள் என்ற பார்வையை மேரி டக்ளஸின் வாசகர்கள் அறிவார்கள். சாதிய சமூகத்தில் வாழும் நமக்கு இது புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. ஒருவரின் சுத்தத்துக்கு இன்னொருவரின் கை அழுக்காக வேண்டும். ஒரு துணியின் சுத்தத்துக்கு ஓர் ஆறு.

6

அந்த ஆறு நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்வது. என் அம்மா பிறந்த ஊர் திருப்பூருக்குக் கீழே, அந்த ஆற்றை ஒட்டி.

எண்பதுகளிலிருந்து திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி பெருகியது. கூடவே சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் பெருகின. 1992-இல் பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணை வந்தது. சில வருஷத்திலேயே அது சாயக் கழிவு தேங்கும் குளமாயிற்று. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டப்பட்டதோ அவர்களே 'தண்ணி திறக்காதீங்க' என்று கேட்கும் நிலை வந்தது. உலகத்தில் எந்த ஆயக்கட்டு விவசாயி தண்ணீர் வேண்டாமென்று வழக்குப் போடுவான்? நொய்யல் விவசாயி போட்டான். 2006-இல் கழிவு ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்பற்றப்படாத நிலையில் 2011 ஜனவரியில் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. மூடியபோது அடி விழுந்தது முதலாளிக்கு மட்டுமல்ல. ஒடிசாவிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்து கூலிக்கு நின்றவர்களும் ஊருக்கு ரயிலேறினார்கள். சுற்றுச்சூழல் பேசுகிற நம்மில் சிலர் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறோம். தொழிலாளி, விவசாயி இருவரையும் எதிரெதிராக நிறுத்திவிட்டு, ஐந்து மதிப்பெண் கேட்டவன் படத்திலேயே இல்லாமல் போனான் என்பதைத்தான் நாம் பேச வேண்டும். அதன்பின் சவ்வு வடிகட்டலும் ஆவியாக்கலும் கொண்டு தண்ணீரையும் உப்பின் ஒரு பகுதியையும் மீட்கும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. இது ஒரு வெற்றி, விவசாயிகள் வாங்கித் தந்த வெற்றி. ஆனாலும் மீட்க முடியாமல் மிஞ்சும் கலப்பு உப்பை மூட்டை கட்டி அடுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே நிலத்தில் இறங்கினது சட்டத்துக்குக் கட்டுப்பட்டு மேலே ஏறி வருவதில்லை.

நான் சின்னவனாக இருந்தபோது விடுமுறைக்கு அப்புச்சி வீட்டுக்குப் போவோம். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. தென்னை குரும்பையிலேயே உதிரும். அப்புச்சி ஒரு தடவை ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத் துப்பினார். "உப்பு" என்றார். அவ்வளவுதான். எங்கிருந்து வந்த உப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. கடல் அங்கிருந்து வெகுதூரம். யாரோ ஒருவர் சட்டையில் சாயம் நிற்பதற்காகப் போட்ட உப்பு அது.

அதனால்தான், "கல்லுப்புப் போட்டிருந்தா நின்னிருக்கும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னபோது அம்மாவுக்குக் கோபமும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. எதுலயாச்சும் போய் ஒட்டத்தான வேணும். அவள் பிறந்த வீட்டுக் கிணறு அப்படி ஒட்டிக்கொண்ட இடம்.

7

இவ்வளவு எழுதிவிட்டு, துவைப்பது எப்படி என்று சொல்லாமல் விடுவது சரியல்ல. கோட்பாட்டுக் கட்டுரையில் சலவைக் குறிப்பா என்று முகம் சுளிப்பவர்கள், தங்கள் வீட்டில் துவைப்பது யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

வாளியில் போடும் கல்லுப்பு சாயத்தைக் கட்டிப்போடாது. நேரடிச் சாயமாக இருந்தால் கொஞ்ச நேரம் வெளியே வராமல் நிறுத்தி வைக்கும். உப்பு அலசிப் போனதும் சாயம் தன் வழியைப் பார்க்கும். வினிகரும் அப்படியே. பட்டு, கம்பளிச் சாயத்தில் அமிலத்துக்கு வேலையுண்டு, பருத்தியில் இல்லை. படிகாரம் சாயம் ஏற்றும் முன் போட வேண்டியது, ஏறிய பின் போட்டுப் பயனில்லை. ஒட்டுத்துணி விரிப்புத் தைப்பதென்றால் தைக்கும் முன்பே ஒவ்வொரு துணியையும் தனித்தனியாகச் சோப்பும் சுடுநீரும் விட்டு, தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். தைத்த பிறகு பிரிக்க முடியாது. ஈரத்தோடு வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்த்தால் எது இறங்கும் என்று தெரிந்துவிடும். எத்தனை அலசினாலும் இறங்கும் துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. தைத்த பிறகு இறங்கிவிட்டால் காயவிடக் கூடாது. காய்ந்தால் கறை ஊன்றும். நிறைய சுடுநீர், சோப்பு, மாற்றி மாற்றி முக்கி, தண்ணீர் தெளியும் வரை. மடித்து வைக்காமல் விரித்து, நிழலில் சீக்கிரம் உலர்த்த வேண்டும். முந்நூறு வருஷத்துக்கு முன் சோழமண்டலத்துச் சாயக்காரரும் வண்ணாரும் செய்ததன் சுருக்கம்தான் இது. ஊன்று, அலசு, மறுபடி அலசு.

இதை அம்மாவிடம் சொன்னேன். செய்தோம். நான்கு தடவை தண்ணீர் மாற்றினதில் வேட்டித் துண்டுகள் முக்கால்வாசி வெளுத்தன. ஒரு மூலையில் மட்டும் லேசான ரோஸ் நின்றுவிட்டது. நாலு வாளிச் சிவப்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டப் போனேன். அம்மா வாளியைப் பிடித்துக்கொண்டு, அது எங்கே போய்ச் சேரும் என்று கேட்டாள். தெருச் சாக்கடை, பிறகு ஓடை, பிறகு ஆறு என்றேன்.

"பாரு, நம்மூட்டுதும் அங்கதான் போகுது" என்றாள்.